வெளுத்து வந்த பில்டர்கள்

நான் வேலை பார்த்த டயாலிசிஸ் யூனிட்டில் பில்டர் கழுவும் அறையைப் போன மாதம் மூடிவிட்டார்கள். இனி ஒருவருக்கு ஒரு தடவைக்கு ஒரு பில்டர். முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும். இப்போது அங்கே இன்சார்ஜாக இருக்கும் ஷகிலா போனில் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் கேட்டாள்.

"அக்கா, புதுசா சேர்ந்த புள்ளைங்க ஒரு கேள்வி கேக்குதுங்க. மொத கால்மணி நேரம் கட்டில விட்டு நகரக் கூடாதுன்னு ரூல் இருக்குதே, இந்த பில்டர்ல யாருக்கும் ஒண்ணும் ஆவறதில்லையே, எதுக்கு நிக்கணும்னு. நான் சொன்னா பாதி தப்பா சொல்லுவேன். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

அந்த விதியைப் போட்டது நான் இல்லை. ஆனால் அது போடப்பட்ட நாட்களில் அங்கே இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் பிரம்மதேசம். டெக்னீஷியன் டிப்ளமோ முடித்ததும் ஈசிஆர் ஓரத்தில் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெற்றதும் அங்கேயேதான். முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊசி போடப் பழகினேன். எந்த மெஷின் எதற்காகக் கத்துகிறது என்று தெரிந்துகொண்டேன். பார்மலின் என்ற கிருமிநாசினியின் நெடியில் கண் எரிவது நின்றுபோனது. நான் டெக்னீஷியன்தான் என்றாலும் நோயாளிகள் எல்லோருக்கும் நான் சிஸ்டர். திருத்தி அலுத்து விட்டுவிட்டேன்.

டயாலிசிஸ் பில்டரைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முழங்கை நீளத்துக்கும் குறைவான பிளாஸ்டிக் குழல் அது. உள்ளே தலைமுடி போல மெல்லிய குழாய்கள் ஆயிரக்கணக்கில் கட்டாக இருக்கும். முடிக்குள்ளே ரத்தம் ஓடும், வெளியே மருந்துத் தண்ணீர் ஓடும். சிறுநீரில் போக வேண்டிய கழிவு அந்த மெல்லிய சுவரைத் தாண்டித் தண்ணீருக்கு வந்துவிடும். சிறுநீரகம் நின்றுபோனவருக்கு வாரம் இரண்டு மூன்று முறை இதைச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் சில நாட்களில் உடம்பில் நீர் கோத்து, மூச்சு முட்டி, இதயம் நின்றுவிடும்.

அப்போது யூனிட்டுக்கு இன்சார்ஜ் சந்தானம் சார். ஒல்லியான ஆள், முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தி யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவரிடம் பயம் அதிகம். "ரின்ஸ் ஆயிடுச்சு சார்" என்று ஒருத்தர் சொன்னால், "பார்த்தியா, நெனச்சியா?" என்று கேட்பார். அவ்வளவுதான். பார்த்திருந்தால் பார்த்தேன் என்று சொல்லலாம். நினைத்திருந்தால் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். டாக்டரிடமும் இதையே கேட்பார், 'ங்க' மட்டும் சேர்த்து.

கழுவும் அறை அவருடைய ராஜ்ஜியம். அந்தக் காலத்தில் ஒரு பில்டரை அதே நோயாளிக்குப் பல தடவை பயன்படுத்துவோம். டயாலிசிஸ் முடிந்ததும் ரத்தத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பிவிட்டு, பில்டரைச் சுத்திகரித்த தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவ வேண்டும். லேசாகத் தட்டி, தலைகீழாகப் பிடித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் உள்ளே உறைந்த ரத்தம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே எவ்வளவு தண்ணீர் கொள்கிறது என்று அளவு குடுவையில் ஊற்றிப் பார்ப்போம். கொள்ளளவு குறைந்திருந்தால் முடிகள் அடைத்துவிட்டன என்று அர்த்தம், தூக்கி எறிந்துவிடுவோம். நன்றாக இருந்தால் பார்மலின் நிரப்பி, மூடி, பெயர் ஒட்டி அலமாரியில் வைப்போம். அடுத்த தடவை மறுபடி கழுவி, பார்மலின் துளியும் இல்லை என்று பரிசோதனைப் பட்டையில் உறுதி செய்து, நோயாளியின் பெயரை அவர் காதுபடப் படித்துவிட்டுத்தான் பொருத்துவோம்.

இப்படி இரண்டு மூன்று தடவை ஓடிய பில்டர் வெள்ளையாக இருக்காது. தேநீர்க் கறை மாதிரி ஒரு பழுப்பு ஏறிவிடும். அது அவரவர் ரத்தத்தில் இருக்கும் புரதம், எவ்வளவு கழுவினாலும் போகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டது.

சந்தானம் சாரிடம் இதற்கு ஒரு பாடம் உண்டு. காலாவதியான பில்டர் ஒன்றை அறுத்து, முடிக்கட்டைத் தட்டில் பரப்பி, மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவார். சொட்டு உடனே பரவி உள்ளே போய்விடும். அடுத்து ரத்தம் ஓடும் பிளாஸ்டிக் டியூபை நீளவாக்கில் வெட்டி, அதன் மேல் ஒரு சொட்டு. அது சேப்பங்கிழங்கு இலையில் நிற்பது போலக் குண்டாக நிற்கும்.

"தண்ணி பரவுற எடத்துல தண்ணியே ஒட்டிக்கும், புரோட்டீனுக்கு எடம் குடுக்காது. தண்ணி பரவாத எடத்துல புரோட்டீன் போய்ப் பிடிச்சிக்கும். பிளாஸ்டிக் டப்பாவுல முட்ட வெச்சா கழுவக் கழுவ வழவழன்னு இருக்குதா இல்லையா? கண்ணாடித் தட்டுல அவ்ளோ இருக்காது." இதுதான் பாடம். புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் ஒரு தடவை நடக்கும். எனக்கும் நடந்தது.

அஞ்சலை எங்களிடம் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. நாற்பது வயது சுமார். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தே கிட்னி போய்விட்டது என்று அவள் சொல்வாள். காரணம் அதுதானா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புருஷன் இல்லை. ஒரு மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தம்பி முருகன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான்.

புது பில்டர் போடுகிற நாளில் மட்டும் அவளுக்கு முதல் கால்மணி நேரத்தில் முதுகு பிடிக்கும், நெஞ்சு இறுகும். பிறகு தானாகவே விட்டுவிடும். அதே பில்டரை இரண்டாம் தடவை போட்டால் ஒன்றும் இருக்காது.

"சிஸ்டர், எனக்குப் பழசே போடுங்க. புதுசு வேணாம்" என்பாள். புதிதைக் கண்டு பயப்படுகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். டாக்டர் முன்கூட்டியே ஓர் ஊசி போடச் சொன்னார், போட்டோம். இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மருத்துவமனையைப் பார்வையிட வந்த குழுவினர் கழுவும் அறைக்குள்ளும் வந்தார்கள். அலமாரியில் பழுப்பேறிய பில்டர்களைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நோயாளிகளின் வீட்டாரும் அதற்கு முன்பே முணுமுணுத்தவர்கள்தான். அதன் பிறகு பிளீச் வந்தது. தண்ணீரில் கழுவியதும் பிளீச் கரைசலை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் வைத்து, அலசி, அப்புறம் பார்மலின். மற்ற சில ஊர்களில் ஏற்கெனவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். பில்டர்கள் பாக்கெட்டைப் பிரித்த நாள் போல வெளுத்து வந்தன. கொள்ளளவும் நன்றாக நின்றது. சந்தானம் சார் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாருக்குது" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

அஞ்சலைக்கு ஆபத்து வந்தது பிளீச் தொடங்கிய சில வாரங்களில். அவளுடைய பழைய பில்டர், அவள் பெயர், பட்டையில் பார்மலின் இல்லை. நான்தான் பொருத்தினேன். ரத்தம் பில்டரைக் கடந்து திரும்பிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். "முதுகு" என்றாள். அடுத்து ஒன்றும் சொல்லவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. கையால் கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள்.

இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும். பம்பை நிறுத்த வேண்டும். இரண்டு டியூபையும் கிளாம்ப் போட்டு அடைக்க வேண்டும். வெளியே இருக்கும் ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பக் கூடாது. வழக்கமாக அதைத் திருப்பி அனுப்பித்தான் கைக்குப் பழக்கம். ரத்தம் குறைந்த நோயாளியின் ரத்தத்தை வீணாக்க மனசு வராது. ஆனால் கெடுதல் செய்துகொண்டிருப்பது அந்த ரத்தம்தான். கிளாம்ப் போட்டேன். சந்தானம் சார் ஆக்சிஜன் முகமூடியை வைத்துக்கொண்டே என்னிடம், "ரெஜினா, காலத் தூக்கு" என்றார், அதே தணிந்த குரலில். பிரஷர் மெஷினில் எண் வரவில்லை. டூட்டி டாக்டர் ஓடிவந்து ஊசி போட்டார். இன்னொன்று போட்டார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் ஏறியது. உதடு பழைய நிறத்துக்கு வந்ததும் அவள் அழுதாள். சத்தமில்லாமல், முகமூடிக்குள்.

அன்று அதற்கு மேல் டயாலிசிஸ் செய்யவில்லை. மறுநாள் வேறொரு புது பில்டரில், முன்கூட்டி ஊசி போட்டு, பாதி நேரம் மட்டும் ஓட்டினோம். அப்போதும் முதுகு பிடித்தது. முடிந்ததும் முருகனிடம், "இதோட போதும்டா. செத்தா ஊட்ல சாவறேன்" என்றாள். அடுத்த முறை அவள் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. போன் செய்தால் முருகன், "அக்கா வர மாட்டேங்குதுங்க" என்றான்.

சந்தானம் சார் காரணம் தேடினார். முதலில் பார்மலின். மீதி இருந்ததா என்று எல்லா பில்டரையும் மறுபடி சோதித்தார், இல்லை. தண்ணீரை ஆய்வுக்கு அனுப்பினார், நன்றாக இருந்தது. பிளீச் மீதியும் இல்லை. பில்டர் சுவராக இருக்குமோ என்று டாக்டர் நளினி கேட்டார். அவர் கிட்னி டாக்டர், பாண்டிச்சேரியிலிருந்து வருபவர். சந்தானம் சார் தட்டை எடுத்துவந்து, முடிகளைப் பரப்பி, ஒரு சொட்டு விட்டார். சொட்டு பரவி மறைந்தது.

"இவ்ளோ நல்லா நனையுதுங்க டாக்டர். இதுல புரோட்டீன் பெருசா பிடிக்காது. இது காரணமா இருக்க முடியாது."

"எல்லாருக்கும் எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

சந்தானம் சார் தட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்டோம். அஞ்சலைக்குப் பக்கத்துக் கட்டிலில் வழக்கமாகப் படுப்பவர் கோட்டக்குப்பத்து பஷீர் பாய், துபாயில் வெல்டராக இருந்து திரும்பியவர். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒரு மாசமா ஆரம்பத்துல முதுகு வலிக்கத்தான் செய்யுது சிஸ்டர். அப்புறம் போயிடும். எல்லாருக்கும் அப்படித்தான் போலன்னு நெனச்சிக்கிட்டு சும்மா இருந்துட்டேன்" என்றார். இன்னும் சிலரும் அதையே சொன்னார்கள். யாரும் அதுவரை வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்டிருக்கவில்லை.

டாக்டர் நளினி ஒரு சோதனை செய்யலாம் என்றார். பஷீர் பாயிடம் விவரம் சொல்லிக் கேட்டார். "அந்தத் தங்கச்சிக்கு உதவும்னா எடுத்துக்குங்க" என்று கையை நீட்டினார் பாய். தொடங்குமுன் ஒரு ரத்த மாதிரி, கால்மணி நேரத்தில் இன்னொன்று. பிளீச் போட்ட பில்டரில் ஒரு நாள், பிளீச் போடாமல் பழைய முறையில் கழுவிய பழுப்பு பில்டரில் இன்னொரு நாள். வெளுத்த பில்டரில் கால்மணி நேரத்துக்குள் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பழுப்பு பில்டரில் கொஞ்சம்தான் குறைந்திருந்தன.

டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். நனையாத பரப்பில் புரதம் அதிகமாகவும் இறுக்கமாகவும் ஒட்டும், ஒட்டியதில் கொஞ்சம் தன் உருவமும் கலைந்துவிடும். நனையும் பரப்பில் பொதுவாகக் குறைவாக ஒட்டும். சந்தானம் சார் சொன்னதில் அதுவரைக்கும் தவறில்லை. ஆனால் எவ்வளவு ஒட்டுகிறது என்பது ஒரு கேள்வி, எது ஒட்டுகிறது என்பது இன்னொரு கேள்வி. எங்கள் பில்டரின் முடி பஞ்சு, மரம் போன்றவற்றில் இருக்கும் செல்லுலோஸால் ஆனது. அது தண்ணீரை நன்றாக இழுக்கும். ஆனால் தண்ணீரை இழுக்கும் அதே இடங்களில், ரத்தத்தில் காவல்காரன் போல சுற்றுகிற ஒரு புரதம் வந்து பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அந்நியன் வந்துவிட்டான் என்று உடம்பு முழுவதற்கும் சொல்லிவிடும். வெள்ளை அணுக்கள் ஓடிப்போய் நுரையீரலில் அடைத்துக்கொள்ளும். அதுதான் மூச்சுத் திணறல். ஒரு தடவை ஓடிய பிறகு நோயாளியின் சொந்தப் புரதமே அந்த இடங்களை மூடிவிடும். அடுத்த தடவை ரத்தம் வரும்போது பார்ப்பது செல்லுலோஸை அல்ல, தன்னையே.

"அந்தப் பழுப்பு அழுக்கு இல்லிங்க சார். அதுதான் பாதுகாப்பா இருந்திருக்குது" என்றார் டாக்டர். "பிளீச் அத உரிச்சி எடுத்துட்டுது. ஒவ்வொரு தடவையும் அவங்களுக்குப் புது பில்டர் போட்ட மாதிரிதான்."

சந்தானம் சார் மேசையில் இருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் பார்க்கல, நெனச்சிருக்கேன்" என்றார். எழுந்துபோய் பிளீச் கேன்களைக் கழுவும் அறையிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். அன்றைக்கே.

அப்போது வேறு வகை பில்டர்களும் வந்திருந்தன. அவற்றின் மூலப்பொருள் தண்ணீரே பிடிக்காத ஒரு பிளாஸ்டிக். அப்படியே விட்டால் புரதம் அப்பிக்கொள்ளும். அதனால் தண்ணீரை விரும்பும் இன்னொரு பொருளைக் கலந்து முடி செய்வார்கள். அதில் புரதம் அளவோடு ஒட்டும். காவல்காரனைச் சீண்டும் இடங்களும் குறைவு. விலை அதிகம். அஞ்சலைக்கு அதுதான் வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், நிர்வாகம் ஒத்துக்கொண்டது. பில்டர் மறுநாளே வந்து சேர்ந்தது. அஞ்சலைதான் வரவில்லை.

அன்று காலையே நானும் சந்தானம் சாரும் மரக்காணத்துக்குப் பஸ் ஏறினோம். முருகன் ரோட்டில் நின்று எங்களை உப்பளத்துக்குள் கூட்டிப்போனான். கரையில் ஒரு கொட்டகை. அதனடியில் அஞ்சலை உட்கார்ந்து உப்பு மூட்டைகளின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. மூட்டைக்கு நாலு தையல் போட்டுவிட்டு மூச்சு வாங்கினாள்.

"என்னாத்துக்கு வந்தீங்க?"

சந்தானம் சார் அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். "தப்பு எங்க மேலம்மா. பில்டர நாங்க ரொம்ப சுத்தமா கழுவிட்டோம்."

கோணி ஊசி நின்றது. "சுத்தமா கழுவுனா உசுரு போவுமா?"

அவர் விளக்கினார். அவளுடைய ரத்தத்திலிருந்து ஒட்டியதுதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, அதை நாங்கள் அழுக்கு என்று எடுத்துவிட்டோம் என்றார். அவள் கேட்டுக்கொண்டே எதிரே இருந்த உப்புப் பாத்திகளைப் பார்த்தாள்.

"புதுசா மிதிச்ச பாத்தியிலயும் மொத உப்பு நல்லா வராது" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "பழசு போடுங்கன்னு நான் அப்பவே சொன்னேன் சிஸ்டர்."

"சொன்னீங்க."

"கேட்டீங்களா?"

"கேக்கல."

அவள் ஊசியை மறுபடி குத்தினாள். "இப்பவும் புதுசுதான போடப் போறீங்க?"

"இது வேற மாதிரி செஞ்சது. டாக்டர் உங்களுக்குன்னே வரவழைச்சிருக்காங்க" என்றேன்.

"அதுலயும் அப்படி ஆச்சுன்னா?"

ஆகவே ஆகாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பக்கத்துலயே நிப்பேன். லேசா முதுகு பிடிக்குதுன்னு சொன்னாலும் நிறுத்திடுவேன்."

அவள் குவிந்திருந்த மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். "நாளைக்கு லாரி வருது. இந்த மூட்டையெல்லாம் தெச்சாவணும். நாளன்னிக்கு வர்றேன்."

"நாளன்னிக்கு வரைக்கும் நீ இருக்க மாட்டம்மா" என்றார் சந்தானம் சார்.

கழுவும் அறையில் பேசுகிற அதே குரல். முருகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அஞ்சலை அவரையே பார்த்தாள். பயமுறுத்துகிறாரா, நிஜத்தைச் சொல்கிறாரா என்று பார்க்கிற பார்வை. பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊசியைக் கோணியில் குத்தி வைத்தாள்.

"எழுப்பி வுடு" என்று தம்பியிடம் கையை நீட்டினாள்.

ஒரு வேனைப் பிடித்து, பகலுக்குள் யூனிட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். புது வகை பில்டரை சந்தானம் சாரே நனைத்துத் தயார் செய்தார். முடிகளில் காற்று தங்காமல், தண்ணீர் எல்லா இடத்திலும் ஏறுகிறதா என்று தட்டித் தட்டிப் பார்த்தார். டாக்டர் நளினி தலைமாட்டில், நான் கிளாம்பைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கம், டூட்டி டாக்டர் ஊசியோடு கால்மாட்டில். பஷீர் பாய் அவருடைய முறை இல்லாவிட்டாலும் வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

பம்பை ஓடவிட்டேன். ரத்தம் டியூபில் ஏறி, பில்டரில் நுழைந்து, சிவந்து, மறுபக்கம் இறங்கியது. அஞ்சலை கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முதுகு கட்டிலில் படிந்திருக்கிறதா, விறைக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷர் இறங்கவில்லை. உதடு நிறம் மாறவில்லை. கால்மணி நேரம் கடந்தது. டாக்டர் ரத்த மாதிரி எடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. நாங்கள் நகரவில்லை.

அஞ்சலை கண்ணைத் திறந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"என்னாத்துக்கு எல்லாரும் சாமி பாக்கற மாதிரி நிக்கிறீங்க? போய் சாப்டுங்க" என்றாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். சந்தானம் சார் சிரிக்கவில்லை. வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுநாள் சுவரில் அந்த விதி ஒட்டப்பட்டிருந்தது, அவர் கையெழுத்தில்: எந்த பில்டராக இருந்தாலும் முதல் கால்மணி நேரம் கட்டிலருகே நிற்க வேண்டும், எப்படி இருக்கிறது என்று நோயாளியைக் கேட்க வேண்டும். பார்ப்பது போதாது என்று அவர் தெரிந்துகொண்டது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களில் செல்லுலோஸ் பில்டர்கள் எல்லோருக்குமே நின்றுபோயின. சந்தானம் சார் ஓய்வு பெற்று மகன் வீட்டுக்குப் போனார். தட்டில் தண்ணீர்ச் சொட்டு விடும் பாடத்தை நான் தொடர்ந்து நடத்தினேன், டாக்டர் சொன்ன இரண்டாவது கேள்வியையும் சேர்த்து.

அஞ்சலை நெடுநாள் வந்தாள். ஒரு மழைக்காலத்தில் புயல் கரையைக் கடந்த மறுநாள், கீழ்புத்துப்பட்டுப் பக்கம் மரங்கள் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. பஸ் இல்லை. அன்றைய பட்டியலில் இருந்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை, அவளும் வர மாட்டாள் என்றுதான் இருந்தோம். மதியம் முருகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, விழுந்த மரங்களைக் கண்ட இடத்திலெல்லாம் இறங்கி நடந்து, இடுப்பு வரை நனைந்து வந்து சேர்ந்தாள்.

"இந்த மழையில வராம இருந்துடுவீங்கன்னு நெனச்சோம்" என்றேன், துண்டை நீட்டி.

"வராம இருந்து ஒரு வாட்டி பாத்துட்டேன் சிஸ்டர்" என்று தலையைத் துவட்டிக்கொண்டே எடை மெஷினில் ஏறினாள். "அது நல்லால்ல."